நாக்கில் ஒரு கம்பி: மூன்று வருட அனுபவம்

2022 ஜூனில் சென்னையில் நாக்குக் குத்திக்கொண்டேன். மூன்று வருடம் தாண்டிவிட்டது, கம்பி இன்னும் நாக்கில்தான் இருக்கிறது. குத்துவதற்கு முன் நான் தேடித் தேடிப் படித்ததெல்லாம் வலிக்குமா என்பதைப் பற்றி. கம்பியின் நீளத்தைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அதற்கான விலையை என் ஈறு கொடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குத்தியவர் ஊசியை எடுப்பதற்கு முன் நாக்கை மேலே தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் நீலமாக ரத்தக் குழாய்கள் ஓடும். நடுவில் நாக்கை வாயின் அடித்தளத்தோடு பிடித்திருக்கும் மெல்லிய சவ்வு. ஓட்டை இவற்றில் எதையும் தொடாமல் நடுக்கோட்டில் இறங்க வேண்டும். சிலருக்கு அந்தச் சவ்வு நுனிவரை வந்திருக்கும், அப்படிப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார். இப்படிப் பார்க்காமல் ஊசியை எடுக்கிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பேனாவால் மேலும் கீழும் புள்ளி வைத்து, இடுக்கியால் நாக்கைப் பிடித்து, என் கண்முன்னே உறை பிரித்த ஊசியால் குத்தினார். 14 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர் கனம். வலி இரண்டு நொடி. சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வோமே, எனக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. இடுக்கி பிடித்ததுதான் கூடுதல் தொந்தரவு.

போட்டது 20 மில்லிமீட்டர் டைட்டானியம் கம்பி, இரண்டு முனையிலும் குண்டு. கண்ணாடியில் பார்த்தபோது கம்பி நாக்கைவிட நீளமாக நீட்டிக்கொண்டிருந்தது. வீங்கும்போது இந்த இடைவெளி வேண்டும் என்றார். மூன்றாம் நாள் காலையில் அந்த இடைவெளி இல்லவே இல்லை. நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை, பல் பதிந்த தடம் இரண்டு ஓரத்திலும் தெரிந்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்ததால் இரவில் தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தேன். மூன்று முதல் ஐந்து நாள்வரை இப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

அந்த வாரம் ஓடியது ஆறிய கஞ்சியிலும் மோரிலும் இளநீரிலும். நான்காம் நாள் இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கரண்டியால் பின்பக்கமாக வைத்து விழுங்கினேன். ரசம் சாதம் கரைத்துக் குடித்துவிடலாம் என்று நினைத்தேன். மிளகும் புளியும் பட்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஐஸ் கட்டியைத் துண்டுதுண்டாக உடைத்து வாயில் வைத்துக்கொள்வதைப்போல வேறெதுவும் உதவவில்லை.

சுத்தம் செய்வதில் முதலில் அளவுக்கு மீறிப் போய்விட்டேன். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை ஒரு நாளைக்கு ஐந்து தடவை, இரண்டு வாரம் கொப்பளித்தேன். பற்களில் பழுப்புக் கறை ஏறியது, நாக்கில் ருசி மங்கியது. அப்புறம் அதை நிறுத்திவிட்டு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் உப்பு மட்டும். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் அதுவே போதுமானதாக இருந்தது. உப்பைக் கூட்டினால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்காதீர்கள், எரியும். ஓட்டையைச் சுற்றி வெண்மஞ்சளாக ஒன்று படிந்தபோது சீழ் என்று பதறிப்போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். அது புண் ஆறும்போது வடியும் நிணநீர், எல்லாருக்கும் வரும். ஆனால் காய்ச்சல், தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்போது கம்பியை நாமே கழற்றக் கூடாது. மேல்தோல் மூடிக்கொண்டால் சீழ் உள்ளே தங்கிவிடும்.

நான் போனில் வாடிக்கையாளர்களோடு பேசுகிற வேலையில் இருக்கிறேன். ஐந்து நாள் லீவு போட்டது நல்லதாகப் போயிற்று. ஒரு விஷயம் எனக்கு யாரும் சொல்லாதது: தமிழில் ழ, ள, ட எல்லாம் நாக்கை மேலே வளைத்துப் பேச வேண்டிய எழுத்துகள். நீளக் கம்பியின் மேல்குண்டு அண்ணத்தில் முட்டும். இரண்டு வாரத்துக்கு 'வாழைப்பழம்' என்னால் சொல்லவே முடியவில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது இவ்வளவு தெரியவில்லை. உடுமலையில் இருக்கும் அம்மா போனிலேயே கண்டுபிடித்துவிட்டார். "என்ன கண்ணு, வாய்ல என்னத்த வச்சுட்டுப் பேசறே?" என்று கேட்டார். மறைக்க மனமில்லாமல் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, "உங்க மாமா பழனிக்கு நாக்குல அலகு குத்திட்டுப் போனப்போ அடுத்த நாளே சோறு தின்னாரு. உனக்கு ஏன் இத்தனை நாளாகுது?" என்றார்.

நியாயமான கேள்வி. நாக்கில் ரத்த ஓட்டம் அதிகம், அதனால் அங்கே புண் சீக்கிரம் ஆறும். மாமா கோயிலில் அலகை உருவியதும் சதை தானாகக் கூடிக்கொண்டது. என் நாக்கில் கம்பி அப்படியே நின்றது. சதை கூட வழியில்லாமல், கம்பியைச் சுற்றி உள்ளே புதுத்தோல் வளர்ந்து ஒரு குழாய்போல ஆக வேண்டும். வெளியே ஆறிவிட்டதாகத் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகிறது. உள்ளே உறுதிப்பட இன்னும் சில மாதம். நேர்த்திக்கடனுக்குப் போட்ட அலகையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் இதை விளக்கிய பிறகு அம்மா கொஞ்சம் இறங்கி வந்தார்.

இப்போது என் தவறு. வீக்கம் வற்றிய பிறகு, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள், நீளக் கம்பியைக் கழற்றிக் குட்டையானதைப் போட வேண்டும். அந்த ஸ்டுடியோவில் இதை ஒரு வாக்கியமாகச் சொன்னார்கள், தேதி குறித்துக் கொடுக்கவில்லை. நானும் வலி போய்விட்டது, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். எட்டு மாதம் அந்த 20 மில்லிமீட்டர் கம்பியே வாயில் ஆடிக்கொண்டிருந்தது. அதோடு ஒரு பழக்கம் வேறு ஒட்டிக்கொண்டது. யோசிக்கும்போதெல்லாம் அடிக்குண்டைக் கீழ்ப்பற்களின் பின்பக்கம் அழுத்தித் தேய்ப்பேன். நாக்கே தன்னால் அங்கே போகும்.

2023 பிப்ரவரியில் பல் கறையை எடுக்கப் போனபோது பல் டாக்டர் சின்னக் கண்ணாடியைப் பின்பக்கம் வைத்துக் காட்டினார். கீழ்வரிசை நடுப்பற்கள் இரண்டின் பின்னால் ஈறு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருந்தது. வலியே இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. இறங்கிய ஈறு தானாக மேலே வராது என்று அவர் சொன்னதைக் கேட்டு அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். நாக்கில் போட்ட ஓட்டை வேண்டாம் என்றால் மூடிக்கொள்ளும், ஈறு அப்படி இல்லை. கம்பி எவ்வளவு நீளமோ, எத்தனை வருடம் போட்டிருக்கிறோமோ, அந்த அளவுக்கு இந்த ஆபத்தும் பல் விளிம்பு உடைகிற ஆபத்தும் கூடும். கழற்றிவிடுவதுதான் நல்லது என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

நான் கழற்றவில்லை. அந்த வாரமே 16 மில்லிமீட்டருக்கு மாற்றினேன். மாற்றியவர் கண்ணாடிமுன் நிற்கவைத்து, மேல்குண்டைத் திருகாணி கழற்றுவதுபோல எப்படிக் கழற்றுவது, எப்படி மரை சிக்காமல் பூட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். குட்டைக் கம்பி போட்ட அன்றே ழகரம் முழுசாகத் திரும்பி வந்தது. அந்தப் பழக்கத்தை விட மூன்று மாதம் ஆயிற்று. கணினித் திரையின் ஓரத்தில் 'நாக்கு' என்று ஒட்டி வைத்திருந்தேன்.

2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கை இரண்டாகப் பிளந்துவிட்ட டாட்டூ கடைக்காரரைப் போலீஸ் கைது செய்த செய்தி வந்தது. காலை ஆறு மணிக்கு அம்மா போன் செய்து, "நீ அதெல்லாம் பண்ணலியே?" என்றார். நாக்கை வெட்டுவது அறுவை சிகிச்சை, டாக்டர் அல்லாதவர் கை வைக்கவே கூடாத வேலை. அம்மாவுக்கு வீடியோவில் நாக்கை நீட்டிக் காட்டிய பிறகுதான் நிம்மதி.

இப்போதைய நிலை: பேச்சிலும் சாப்பாட்டிலும் தொந்தரவு இல்லை. முருங்கைக்காய் நார் மட்டும் கம்பியில் சுற்றிக்கொள்ளும். பல் தேய்க்கும்போது அடிக்குண்டையும் மெதுவாகத் தேய்க்காவிட்டால் அங்கேயும் காரை கட்டும். தினமும் கையைக் கழுவிவிட்டு இரண்டு குண்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டர் அதே இரண்டு பற்களின் பின்னால் அளந்து எழுதி வைக்கிறார். கடைசி நான்கு தடவையும் அளவு மாறவில்லை. மாறினால் அன்றே அங்கேயே கழற்றித் தருகிறேன் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.