மூன்று குளிர்காலம் ஓட்டிய பிறகு: வெளிச்சுவர் சென்சார் பற்றி மட்டும்

வெளியே இருக்கும் குளிரைப் பார்த்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஹீட்டிங் சிஸ்டம் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் நேற்று கேட்டார். மூன்று குளிர்காலம் ஓட்டியாகிவிட்டது. பாய்லர் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆத்திரமெல்லாம் வெளிக்குளிரை அளக்க வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன வெள்ளை டப்பாவின், அதாவது சென்சாரின் மேல்தான்.

முதல் குளிர்காலம் அருமையாகப் போனது. வெளியே குளிரக் குளிர, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டைத் தானாக ஏற்றும், வெயில் வந்தால் இறக்கும். பழைய தெர்மோஸ்டாட் மாதிரி கொதிக்கக் கொதிக்க அடித்துவிட்டு அப்புறம் ஜில்லென்று கிடக்கும் வேலையே இல்லை. எப்போது தொட்டாலும் மிதமான சூடு. அந்தச் சுகம் பழகிவிட்டால் விடவே மனசு வராது.

இரண்டாவது குளிர்காலத்தில் வீடு சில்லிட ஆரம்பித்தது, அதுவும் கடுங்குளிர் நாட்களாகப் பார்த்து. பேனலில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. வெளியே 0 டிகிரி, பேனல் காட்டிய வெளி வெப்பநிலையோ 10. இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே பல நாள் ஆகிவிட்டது. சர்வீஸுக்கு வந்தவர் சென்சார் போய்விட்டது என்று புதிதாக ஒன்று மாட்டிவிட்டுப் போனார். மூன்றே வாரம், மறுபடியும் 10.

டப்பாவுக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர், குளிர் கூடக் கூட அதன் மின்தடையும் கூடும். என்னுடையது 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 0 டிகிரியில் 32.6 வரும். வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ கன்ட்ரோலர் உடனே கண்டுபிடித்துக் கத்தும். ஆனால் நடுவில் எந்த எண் வந்தாலும் சரி என்று நம்பிவிடும், நாம் உள்ளே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடுங்க வேண்டும்!

மெயினை அணைத்துவிட்டு, கன்ட்ரோலரில் இருந்து அந்த இரண்டு வயரையும் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 20 கிலோ ஓம். 10 டிகிரிக்கு வர வேண்டிய அளவு. கேபிளை மட்டும் தனியாகப் பார்த்தால் மின்கசிவு இல்லை. சரி, டப்பாவைத் திறந்தேன். மூடியின் உட்புறம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளி, திருகு இரண்டிலும் பச்சைக் களிம்பு. அந்த ஈரம் இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் இன்னொரு தடை போல உட்கார்ந்து மொத்த அளவைக் குறைத்துக்கொண்டிருந்தது. சென்சார் கெடவே இல்லை.

மழைத்தண்ணீர் என்று நினைத்து டப்பாவைச் சுற்றிலும் சிலிக்கோன் பசை பூசினேன். இன்னும் மோசமானது. ஒரு ராத்திரி மூடியைக் கழற்றிவிட்டுக் கேபிள் வெளியே வரும் துளையில் விரலை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடான காற்று விரலில் பட்டது. வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று சுவர்த் துளை வழியாக வந்து, குளிர்ந்த டப்பாவுக்குள் நீராக மாறிக்கொண்டிருந்திருக்கிறது. அது வெளியேற இருந்த வழியையும் நான் அடைத்துவிட்டேன்.

துளையை உள்பக்கம் புட்டி வைத்து அடைத்து, டப்பாவின் அடியில் சிலிக்கோனை வெட்டி எடுத்து, களிம்பைச் சுரண்டினேன். அப்புறம் சென்சாரைப் பாலிதீன் பையில் சுற்றி, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் நிரப்பிய டம்ளரில் கால் மணி நேரம் வைத்தேன். மீட்டரில் எண் மெதுவாக ஏறி 32.5 தாண்டி நின்றது. அப்போது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது!

வடக்குச் சுவரில் மாட்டு, வெயில் படாமல் மாட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றெல்லாம் சொல்லும் என் கையேட்டில் துளையை அடை என்று ஒரு வரி கிடையாது. பேனலிலும் பல மணி நேரச் சராசரிதான் தெரியும், இந்த நிமிட அளவைப் பார்க்க வழியே இல்லை. ஒரு திருகைத் தொட்டுவிட்டுப் பலன் தெரிய அரை நாள் காத்திருந்திருக்கிறேன்.

இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை, வீடு கதகதப்பாக இருக்கிறது, நாளைக்கே வீடு மாறினாலும் நான் இதையேதான் வாங்குவேன். நண்பரிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.