ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் திரும்பத் திரும்ப பியூஸ் போனால்: பழைய காரில் என் அனுபவம்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமானதுதான். புது பல்பு மாட்டிச் சில வாரம்கூட ஆகாது, மறுபடி அதே பக்கம் இருட்டு. என் காரில் வலது பக்கம் இப்படிப் படுத்தியது. சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு, 12 வோல்ட், 60/55 வாட் (ஒரே பல்பில் இரண்டு இழை: பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55). அதே வகை பல்பு இடது பக்கத்தில் எந்தக் குறையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஒரு பக்கம் மட்டும் போகிறதா, இரண்டு பக்கமும் போகிறதா என்பதை முதலில் கவனியுங்கள். இரண்டும் மாறி மாறிப் போனால் பேட்டரி சார்ஜிங்கைச் சந்தேகப்பட வேண்டும். வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஹாலஜன் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சரி. 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டரை (சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) பார்க்காமல் எத்தனை பல்பு மாட்டினாலும் வீண். என் காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தபோதும் மல்டிமீட்டர் 14.2தான் காட்டியது. அதனால் அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்தது.

அப்புறம், போன பல்பைத் தூக்கி எறியாதீர்கள். காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரியும். கண்ணாடி கறுத்திருந்தால் இழை தேய்ந்து போயிருக்கிறது: வயதாகியிருக்கும், அல்லது வோல்டேஜ் அதிகம். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தால் விரிசல் வழியே காற்று புகுந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் வெளுத்தோ புடைத்தோ இருந்தால், மாட்டும்போது விரல் பட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடமாக இருக்கலாம். என்னுடையதில் இது எதுவுமே இல்லை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. டிம் இழை மட்டும் ஒரு முனையில் துண்டாகி, சுண்டினால் உள்ளே ஆடியது. குலுங்கி ஒடிந்த இழை அப்படித்தான் இருக்கும்.

எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து, இரண்டு ஹெட்லைட்டையும் கையால் பிடித்துப் பார்த்தேன். இடது பக்கம் கல்லு மாதிரி நின்றது. வலது பக்கம் விரல் நுனி வரை நடுங்கியது. ஹெட்லைட்டை பாடியோடு பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் காதுகளில் கீழே இருப்பது ஒடிந்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. எரியும்போது இழை வெள்ளைச் சூட்டில் இருக்கும். அந்த நிலையில் ஓயாத நடுக்கத்தை அது தாங்காது. மெல்லிய இரும்புப் பட்டையை வளைத்து, ஒடிந்த இடத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். பல்பை அழுத்திப் பிடிக்கும் கம்பி கிளிப்பும் தளர்ந்திருந்ததால் அதையும் மாற்றினேன்.

அப்போதுதான் பல்பின் பின்னால் வயரை இணைக்கும் மூணு பின் கப்ளர் கண்ணில் பட்டது. பழுப்பேறி, ஒரு பின் பக்கம் லேசாக உருகியிருந்தது. லைட் எரியும்போது அந்த இடத்தில் அளந்தால் 12.8 வோல்ட். பேட்டரியிலிருந்து வருவதில் கிட்டத்தட்ட 10 சதவீதம் வழியிலேயே போய்விடுகிறது. இதனால் பல்பு போகாது, ஆனால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். இரவில் ஓட்டுகிறவருக்கு அது பெரிய இழப்பு. செராமிக் கப்ளர் மாற்றி, எர்த் முனையில் இருந்த துருவைச் சுரண்டியதும் 13.7-க்கு ஏறியது.

வெளிச்சம் போதவில்லை என்றால் 100/90 வாட் பல்பு போடச் சொல்வார்கள். தயவுசெய்து போடாதீர்கள். பழைய வயரும் சுவிட்சும் அந்த மின்சாரத்துக்கு ஏற்றவை அல்ல. சூட்டில் ரிஃப்ளெக்டரும் பாழாகும், எதிரே வருகிறவருக்கும் கண் கூசும்.

அந்த வேலைக்குப் பிறகு மாட்டிய பல்புதான் இன்றுவரை, வருடக் கணக்காக எரிகிறது. சர்வீஸ் செய்யும்போதெல்லாம் அந்தப் பட்டையின் போல்ட்டை ஒரு முறை இறுக்கிவிடுகிறேன். ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டினால் ஒளி விழும் உயரம் மாறிவிடும். சமதளத்தில் காரை நிறுத்தி, டிம் போட்டுச் சுவரில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பார்த்து, பின்னால் இருக்கும் திருகில் சரிசெய்துகொள்ளுங்கள்.