டேன்டீ தேயிலைத் தூள்: அம்மா போட்ட முக்கால் பேர்

எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் இரண்டு டப்பா இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பாவில் இருப்பது வீட்டுக்காரரின் பால் டீக்கு. எந்தக் கம்பெனித் தூள் மலிவாகக் கிடைக்கிறதோ அது. இன்னொன்று, மூடி துருப்பிடித்த பழைய பிஸ்கட் தகரம். அதில் டேன்டீ தூளைத் தவிர வேறெதையும் போட அம்மா விடமாட்டார். ஒருமுறை தெரியாமல் கடலைப் பருப்பைக் கொட்டி வைத்துவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டேன்டீ என்பது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். அரசுக் கம்பெனி, தலைமை அலுவலகம் குன்னூரில். ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் வர்க்கியோடும் சாக்லேட்டோடும் சேர்த்து ஏதோ ஒரு டீத்தூளை வாங்கிப் போவார்கள். இது எதற்காக ஆரம்பித்த கம்பெனி என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற கதையும் இல்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

இலங்கை மலையகத்தில் தேயிலையும் ரப்பரும் நட்டு வளர்த்த தமிழர்களுக்கு 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடே இல்லாமல் போனது. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். "தேங்கா பங்கு வைக்கிற மாதிரி" என்பார் அம்மா. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் வனத்துறை நீலகிரியில் காட்டைத் திருத்தித் தேயிலை நட ஆரம்பித்தது. 1976-ல் அது கழகமானது. காகிதத்தில் நாங்கள் 'தாயகம் திரும்பியோர்'. தாத்தாவின் அப்பா பிறந்ததே இலங்கையில், மஸ்கெலியா பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான். திரும்பியது எங்கிருந்து எங்கே என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அம்மா வந்தபோது அவருக்குப் பத்து வயது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள், அப்புறம் லாரியில் நீலகிரியின் கொளப்பள்ளி. அம்மாயி கையோடு கொண்டுவந்த சாமான்களில் இந்தத் தகரமும் ஒன்று. உள்ளே பிஸ்கட் இல்லை, சிலோன் தேயிலை. டீ விளைகிற ஊருக்கு டீயைத் தூக்கிக்கொண்டு வந்தாயா என்று தாத்தா சாகிற வரைக்கும் கேலி செய்வாராம். ஆனால் அம்மாயி சொன்னதும் நியாயம்தான்: அவர்களைக் குடிவைத்த காட்டில் அப்போது டீ எங்கே விளைந்தது? அவர்களே நட்டு, அது கொழுந்து எடுக்கிற அளவுக்கு வளர வருஷங்கள் ஆயிற்று. அங்கே இருந்தவரை கள்ளத்தோணி என்றார்கள், இங்கே வந்ததும் சிலோன்காரங்க என்றார்கள். பள்ளிக்கூடத்தில் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நான் கடலைக்கூடப் பார்த்ததில்லை.

சரி, தூளுக்கு வருகிறேன்.

நான் வாங்குவது சிடிசி டஸ்ட். இலையை உருளைகளுக்கு நடுவே நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற முறை. இந்த வகையில் சாயம் சீக்கிரம் இறங்கும், கடுப்பும் இருக்கும். பூ மாதிரி மணம் வேண்டும் என்றால் ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலைக்குத்தான் போகவேண்டும், அது வேறு ரகம், வேறு விலை. நம்மூர்ப் பால் டீக்கு டஸ்ட்தான் தோது. ஆனால் இந்தத் தூளின் குணம் தெரிய வேண்டுமென்றால் பால் ஊற்றாமல் சாயத்தண்ணியாகக் குடித்துப் பார்க்கவேண்டும். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். டம்ளருக்கு அரை ஸ்பூன் தூள் போட்டு மூடி, மூன்று நிமிஷம். வடிகட்டினால் வெளிச்சத்தில் செம்பு நிறமாக நிற்கும். சீனியை உள்ளே போடாமல் உள்ளங்கையில் வைத்து ஒரு நக்கு, ஒரு மடக்கு. முதல் மடக்கில் நாக்கின் ஓரம் சுருக்கென்று இழுக்கும். அந்த இழுப்பு எனக்குப் பிடிக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, 'மருந்துத் தண்ணி' என்று எழுந்து போய்விட்டார்கள்.

அம்மாவின் பரிசோதனை வேறு. புதுப் பாக்கெட்டைப் பிரித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். அப்புறம் வெள்ளைப் பேப்பரில் பரப்பி நார் இருக்கிறதா என்று தேடுவார். நார் அதிகம் கண்ணில் பட்டால் காம்பும் முற்றின இலையும் கூடையில் சேர்ந்து போயிருக்கிறது என்று அர்த்தமாம். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த கை. கட்டை விரலின் உள்பக்கத்தில் கறை படிந்த வெடிப்பு ஒன்று இன்னும் இருக்கிறது, எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகவில்லை.

கிடைப்பதுதான் பிரச்சினை. திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியைச் சுற்றி எல்லா மளிகைக் கடையிலும் கேட்டுவிட்டேன். அதனால் ஊருக்குப் போகும்போது குன்னூரில் இறங்கி நாலு மாசத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுவேன். போன மழைக்காலத்தில் ஸ்டாக் தீர்ந்து, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் அதிசயமாக ஒரு பாக்கெட் மாட்டியது. எவ்வளவு நாளாக எங்கே வைத்திருந்தாரோ, கொதிநீரில் போட்டதும் குபீரென்று சோப்பு வாசம். தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது தெரிந்ததுதான், ஆனால் இந்த அளவுக்கு நான் பார்த்ததில்லை. தூளின் தப்பு இல்லை, கடைக்காரர் வைத்த இடத்தின் தப்பு. திட்டிக்கொண்டே கொட்டப் போனேன். அம்மா டம்ளரைப் பிடுங்கி முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அட்டைக்குப் பூசுற சோப்பு!"

சேரம்பாடி, கொளப்பள்ளி பக்கம் மழை என்றால் லேசுப்பட்ட மழையில்லை. புதுக்காட்டில் நாற்று நடப் போகிறவர்கள் ரத்தம் உறிஞ்சுகிற அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரைக்கும் சவுக்காரத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு போவார்களாம். பதினோரு மணிக்குத் தேத்தண்ணி வரும்போது அதே கையால் வாங்கிக் குடிக்கவேண்டும். "அப்ப குடிச்ச தேத்தண்ணி எல்லாமே இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அம்மா பாதி டம்ளரைக் குடித்தேவிட்டார். எனக்கு வயிற்றைப் பிரட்டியது.

2022-ல் டேன்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு ஆணை போட்ட செய்தியை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். "காட்டை வெட்டித்தானே நட்டோம். காடு கேக்குது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு தடவை தேத்தண்ணி போடச் சொன்னார்.

நட்சத்திரம் போடுவதெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை 'பேர்' என்பார்கள். கொழுந்து நிறுவை குறைந்தால் அரைப் பேர்தான். அம்மா சமையலுக்கும் சீரியலுக்கும் மருமகனுக்கும்கூட அப்படித்தான் பேர் போடுவார். போன வாரம் புதுப் பாக்கெட் பிரித்தபோது இந்த விமர்சனத்துக்காகவே கேட்டேன், டேன்டீக்கு எவ்வளவு என்று. ஒரு மடக்கு வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.

"முக்கால் பேர்."

முக்கால் பேர் என்று தோட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. கால் பேரை எதற்கு வெட்டினீர்கள் என்றேன்.

"தூளுக்கு முழுப் பேர்தான். வெட்டினது உனக்கு. அடுப்ப அணைக்காம கொதிக்க விட்டுட்டே."