சரளை மலைப்பாதைக்கு வாடகை சைக்கிள் எடுக்கப்போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கிராமப்புறத்து மேடுபள்ளமான சரளைப் பாதைகளில் ஒரு நாள் முழுக்கச் சைக்கிள் ஓட்டலாம் என்று, சைக்கிளையும் வழித்தடத்தையும் சேர்த்தே விற்கும் ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டினேன். பாதி ஏற்றங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். இறக்கத்தில் பிரேக் போய்விட்டது. திரும்பி வந்ததும், சைக்கிளைச் சேதப்படுத்திவிட்டதாகச் சொல்லி என் முன்பணத்தையும் பிடித்துக்கொண்டார்கள். நிறுவனத்தின் பெயரைவிட அவர்கள் செய்த வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்படும்.

வித்தை இதுதான்: விளம்பரத்தில் ஒரு பொய்கூடக் கிடையாது. 70 கிலோமீட்டர் சுற்றுப்பாதை, மொத்த ஏற்றம் 1,400 மீட்டர், சராசரிச் சரிவு 2 சதவீதம், பெரும்பகுதி சரளை, 45 மில்லிமீட்டர் டயர் வரை ஏற்கும் சைக்கிள், 22 கியர்கள். எல்லாம் உண்மை. எல்லாமே ஏமாற்று.

அந்த 2 சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1,400 மீட்டரை 70 கிலோமீட்டரால் வகுத்தால் 2 சதவீதம் வரத்தான் செய்யும். ஆனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பாதையில் ஏறியதையெல்லாம் இறங்கியாக வேண்டும். சமதரையாக 25 கிலோமீட்டரைக் கழித்துவிட்டு, மீதியில் பாதி ஏற்றம் என்று வைத்தால் ஏற்றங்களின் சராசரியே 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதற்குள்ளே 15 சதவீதத் துண்டுகளும் ஒளிந்திருக்கும். கணினி வரைபடத்தை நம்பியும் பயனில்லை. பல வரைபடச் செயலிகள் பயன்படுத்தும் உயரத் தரவு, 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதன்மேல் செயலி வேறு கோட்டை இழைத்து மென்மையாக்கும். 60 மீட்டர் நீளத்துக்குச் சுவர்போல நிற்கும் ஒரு மேடு, திரையில் சாதுவான சரிவாகத் தெரியும்.

22 கியர் என்பதும் அப்படித்தான். எண்ணிக்கை எதற்கு? மிகச் சிறிய கியர் எது என்பதுதான் கேள்வி. எனக்குக் கொடுத்த சைக்கிளில் முன்னால் சிறிய பற்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல். தார்ச்சாலைக்கான அமைப்பு அது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைந்து போக முடியாது. ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ என்றால், 15 சதவீத ஏற்றத்தில் உதிரிக்கல்லின் மேல் அந்த வேகத்துக்குச் சுமார் 350 வாட் தேவை. பந்தய வீரர்கள் அதைச் சற்று நேரம் தாங்குவார்கள். மற்றவர்கள் இறங்கி நடக்க வேண்டியதுதான். பின்பக்கம் இன்னும் பெரிய பற்சக்கரமும் முன்பக்கம் இன்னும் சிறியதும் இருந்திருந்தால் உட்கார்ந்தே ஏறியிருக்கலாம்.

டயர்? 45 மில்லிமீட்டர் வரை ஏற்கும் சட்டகம்தான், மாட்டியிருந்தது 32. டயரின் பக்கவாட்டில் 32-622 என்று அச்சிட்டிருந்தது. முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் அமரும் வட்டத்தின் விட்டம். இந்த ஓர் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும், கடைக்காரரின் பேச்சில் பாதி அடங்கிவிடும். சரளை என்றார்களே, அதில் கெட்டித்த மண் பாதையும் உண்டு. ரயில் தண்டவாளத்தடியில் கிடக்கும் ஜல்லி அளவுக்குக் கூர்க்கற்களும் உண்டு. பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இரண்டையும் ஒரே பெயரில் குறித்துவைப்பவர்கள் ஏராளம். பாதையின் கெட்டித்தன்மையை 1 முதல் 5 வரை தரம் பிரித்துக் காட்டும் குறிப்பும் அதில் இருக்கிறது. வழித்தடத்தை விற்றவர்கள் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஓரிடத்தில் பாதை நேராக ஒரு பண்ணையின் பூட்டிய கதவில் போய் முட்டி நின்றது.

இனி பிரேக். நீண்ட இறக்கத்தின் நடுவில் பிரேக் பிடி ஹேண்டில்பார் வரை வந்து ஒட்டியது. இரும்பை இரும்பு அரைக்கும் கிறீச்சொலி. எப்படியோ ஓரத்துப் புல்லில் ஏற்றி நிறுத்தினேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் பேடில், ஒரு பக்கம் உராயும் பொருளே இல்லை; பின்தகடு பளபளவென்று தேய்ந்து, டிஸ்க்கில் வட்டவட்டமாகக் கோடு கிழித்திருந்தது. அந்தப் பொருளின் தடிமன் 0.5 மில்லிமீட்டராகத் தேய்ந்தாலே மாற்றிவிட வேண்டும் என்று சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஷிமானோவின் கையேடு சொல்கிறது. ஒரு பகல் ஓட்டத்தில் புதுப் பேட் சாதாரணமாக அந்த நிலைக்கு வராது. அங்கேயே புகைப்படம் எடுத்துக்கொண்டேன். பின் டயரையும் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர் அது; ஓட்டை விழுந்தால் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் அதற்குள் குலுங்கும் சத்தமே இல்லை. அந்தத் திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும். உலர்ந்தபின் அந்த டயரில் ஒரு முள் குத்தினால் அடைக்க எதுவும் இல்லை.

மாலையில் கடைக்காரர் டிஸ்க்கில் விழுந்த கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"டிஸ்க்கைக் கெடுத்துவிட்டீர்களே, இதை மாற்றியாக வேண்டும்" என்றார்.

"உங்கள் பேட் தேய்ந்துதான் டிஸ்க் போயிருக்கிறது. படம் பாருங்கள்."

"நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று நீங்கள்தான் ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள்."

அந்த ஒப்புதல், இணையத்தில் பணம் கட்டும் பக்கத்திலேயே இருந்த ஒரு பெட்டி. சைக்கிளை என் கண்ணில் காட்டுவதற்கு முன்பே 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று டிக் செய்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். தங்கள் அலட்சியத்தால் தேய்ந்த பேடுக்கு, என் பணத்தில் புது டிஸ்க். துணிச்சலுக்குப் பஞ்சமில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் பணம் கட்டும் முன், வழித்தடத்தை வரைபடச் செயலியில் திறந்து பார்க்க உதவும் ஜிபிஎக்ஸ் கோப்பைக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். கடைசியாக அந்தப் பாதையில் யார், எந்த மாதம் ஓட்டினார்கள் என்றும், மிகச் செங்குத்தான கிலோமீட்டர் எது என்றும் கேளுங்கள். சைக்கிள் கைக்கு வந்ததும் டயர் எண், பற்சக்கரத்தில் பொறித்திருக்கும் பல் எண்ணிக்கை, கைபேசி வெளிச்சத்தில் பிரேக் பேட், டிஸ்க்கின் இரு பக்கம் எல்லாவற்றையும் கடை வாசலிலேயே, கடைக்காரர் பார்க்கும்படி வீடியோ எடுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

முன்பணத்தை நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நான் அட்டையில் கட்டியிருந்ததால், தொகையை மறுத்து வங்கியில் முறையிட முடிந்தது. பேடின் படங்களைக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் பதிலுக்கு அந்த டிக் செய்த பெட்டியை அனுப்பியிருக்கிறாராம். முடிவு இன்னும் வரவில்லை. இப்படி முறையிடுவதற்குக் காலக்கெடு உண்டு. கடைக்காரரிடம் மின்னஞ்சலில் வாதாடிக்கொண்டே அதைத் தவறவிட்டுவிடாதீர்கள்.