'ரீபில்ட்' பண்ணிட்டேன்னு 6,200 டாலர் வாங்கிட்டு பழைய ட்ரான்ஸ்மிஷனையே திருப்பி மாட்டிக் குடுத்துட்டான், ட்ரக் வச்சிருக்கவங்க ப்ளீஸ் படிங்க

இன்னிக்கு காலைலதான் இன்னொரு ஷாப்ல என் ட்ரக்கோட ட்ரான்ஸ்மிஷன (கியர்பாக்ஸ) கழட்டி பெஞ்ச் மேல பரப்பி வச்சு ஒவ்வொரு பார்ட்டா எடுத்துக் காட்டினாங்க. பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சிச்சு. 6,200 டாலர். ஒவ்வொரு மாசமா சேத்து வச்ச காசு. அதுல உள்ள போன புது சாமான் என்னன்னா ஒரு ஃபில்டர், ஒரு பான் (அடில ஃப்ளூயிட் நிக்கிற தட்டு) கேஸ்கெட், ஒரு ஸ்ப்ரிங்கு, புது ஃப்ளூயிட். அவ்ளோதான்.

ஷாப் பேரு இங்க போடல, கம்ப்ளெய்ன்ட் குடுக்கப்போறேன், அது முடியட்டும். கலிஃபோர்னியால பெர்ஃபார்மன்ஸ் ட்ரான்ஸ்மிஷன் ஸ்பெஷலிஸ்ட்னு சொல்லிக்கிற ஒரு சின்ன ஷாப், மெக்கானிக் தேடித்தர்ற ஒரு ஆப்ல கிடைச்சுது, முழு ஸ்டார் ரேட்டிங், பளபளன்னு ஃபோட்டோ, எல்லாம் இருந்துச்சு.

வண்டியப் பத்தி சொல்லிடறேன், அப்பதான் எவ்ளோ பெரிய அநியாயம்னு புரியும். 2003 ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப் ட்ரக். 5.4 லிட்டர் வி8, மேல சூப்பர்சார்ஜர், ஃபேக்டரிலயே 380 ஹார்ஸ்பவர், 450 பவுண்ட்-ஃபுட் டார்க். வண்டி வெயிட்டு 4,600 பவுண்டுக்கு மேல. இவ்ளோத்தையும் பின் வீலுக்கு கடத்துறது 4ஆர்100ன்னு ஒரு நாலு ஸ்பீடு ஆட்டோமேட்டிக். 1966ல வந்த சி6 பாக்ஸோட பரம்பரை அது, சி6ல இருந்து ஓவர்டிரைவ் (ஹைவேக்கான மேல் கியர்) சேத்து ஈ4ஓடி வந்துச்சு, அதுலேந்து இது. நல்ல உழைப்பாளி பாக்ஸ்தான், நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா இருபது வருஷத்துக்கு மேல ஓடின வண்டி, கிளட்ச் பிளேட்டு தேயத்தான் செய்யும், எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற கன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற லாக்கப் கிளட்ச்சும் தேயும். நான் எஞ்சின்ல எதையும் தொடல, பவர ஏத்துற ட்யூன் கிடையாது, சூப்பர்சார்ஜருக்கு சின்ன புல்லி கிடையாது, ஃபேக்டரில வந்த மாதிரியே இருக்கு. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இதுக்கு வேலை இருக்கு.

பிரச்சனை என்னன்னா சூடானப்புறம் ரெண்டுலேந்து மூணுக்கு மாறும்போது ஆர்பிஎம் சும்மா மேல ஏறிட்டு அப்புறம் கியர் பிடிக்கும். ரிவர்ஸ் போட்டா ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி நின்னுட்டு டொக்குன்னு விழும். சரி, எப்படியும் திறக்கணும், திறக்கறதுதான் திறக்கறோம் நல்லதாவே அப்கிரேடு பண்ணிடுவோம்னு முடிவு பண்ணேன்.

ஷாப்புக்கு போனதும் அவன் டிப்ஸ்டிக்க உருவி, வெள்ளை பேப்பர்ல தடவி, மோந்து பாத்து, என்கிட்டயும் நீட்டினான். கருகின வாடை. "டைரக்ட் கிளட்ச் போயிடுச்சு, மூணாவது கியருக்கும் ரிவர்ஸுக்கும் அதே கிளட்ச்தான் வேலை செய்யுது, அதான் ரெண்டுலயும் தெரியுது"ன்னான். அது உண்மைதான், இன்னிக்கு கழட்டின மெக்கானிக்கும் அதையேதான் சொன்னாரு. அப்புறம் உள்ள கூட்டிட்டு போய் பெஞ்ச்ல இருந்த ஒரு கிளட்ச் டிரம்ம திறந்து, புது ஃப்ரிக்ஷன் பிளேட் ஒண்ண என் கையில குடுத்து, தடவிப் பாருங்க, இதுதான் உங்க வண்டிக்கும் போகும்னு சொன்னான். ஸ்டாக்ல இருக்கிறதவிட அதிகமா பிளேட்டு அடுக்குவோம், இன்புட் ஷாஃப்ட் பில்லட் (முழு உலோகக் கட்டில கடைஞ்சது), முன் கவர் பில்லட்ல கடைஞ்ச ட்ரிப்பிள் டிஸ்க் கன்வெர்ட்டர், புது சாலினாய்டு பேக் (ஃப்ளூயிட் போற வழிய கரன்ட்ல கட்டுப்படுத்துறது), வால்வ் பாடில ஷிஃப்ட் கிட் (கியர் மாறுறத கெட்டியாக்குற சாமான்), ஃப்ளூயிட்ட குளிர வைக்க பெரிய கூலர், டீப் அலுமினியம் பான். ஒவ்வொண்ணும் எதுக்குன்னு பொறுமையா விளக்கினான். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் கரெக்டா பதில். எங்கப்பா காலத்துலேந்து இந்த வேலைதான், என் சொந்த வண்டிய மாதிரி பாத்துக்கிறேன், கவலப்படாம போங்கன்னு தோள்ல கை போட்டு சொன்னான். வேலை தெரிஞ்சவன், விஷயம் தெரிஞ்சவன், அதனாலதான் நம்பினேன். வேலை தெரியாதவன் இந்த அளவுக்கு ஏமாத்த முடியாதுங்க, எந்த எடத்துல யாரும் பாக்க மாட்டாங்கன்னு அவனுக்குத்தான் தெரியும்.

எஸ்டிமேட் பேப்பர்ல எழுதினது ஒரே ஒரு வரி: பெர்ஃபார்மன்ஸ் ரீபில்ட், ஸ்டேஜ் 2, கன்வெர்ட்டரோட, 6,200 டாலர். பாதி அட்வான்ஸ் 3,100, மீதி வண்டி எடுக்கும்போது. கார்டு மெஷின் ரிப்பேர்னு சொல்லி ரெண்டு தடவையும் பேங்க் ட்ரான்ஸ்ஃபர்லயே வாங்கினான்.

அப்புறம் வழக்கமான கதை, பார்ட்ஸ் வரல, பாக்ஸ கழட்டி மாட்டுற பில்டர் லீவு, கன்வெர்ட்டர் ஷிப்பிங்ல மாட்டிக்கிச்சு. கடைசில வண்டி ரெடின்னு கூப்பிட்டான். டீப் பான் மட்டும் பேக் ஆர்டர், வந்ததும் கூப்பிட்டு மாட்டித்தரேன்னு சொன்னான், இன்னிக்கு வரைக்கும் வரல. ஓட்டிப் பாத்தா கியர் ஒவ்வொண்ணும் அடிச்ச மாதிரி டக் டக்குன்னு விழுது. சந்தோஷமா மீதி 3,100ஐயும் குடுத்துட்டு வந்தேன்.

அந்த டக் டக் எப்படி வந்துச்சுன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது, இதத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ஆட்டோமேட்டிக்ல கிளட்ச்ச அழுத்திப் பிடிக்கிறது ஹைட்ராலிக் பிரஷர். தேஞ்ச கிளட்ச்சா இருந்தாலும் அந்த பிரஷர (லைன் பிரஷர்னு சொல்வாங்க) ஏத்தி விட்டா கொஞ்ச நாளைக்கு கெட்டியா பிடிக்கும், ஷிஃப்ட் கிண்ணுன்னு இருக்கும், ஓட்றவனுக்கு புது பாக்ஸ் மாதிரி தோணும். பிரஷர் ரெகுலேட்டர் ஸ்ப்ரிங்க மாத்தினா போதும், சில டாலர் சமாச்சாரம். அதத்தான் பண்ணியிருக்கான். 6,200 டாலருக்கு ஒரு ஸ்ப்ரிங்கு!

ஐ-5ல கிரேப்வைன் ஏத்தம் தெரியும்ல, டிஹோன் பாஸுக்கு ஏறுற 6 பர்சென்ட் ஏத்தம், அங்க ஏறிட்டிருக்கும்போது கியர் லீவர்ல ஓ/டி ஆஃப் லைட்டு மினுக்க ஆரம்பிச்சுது. அந்த லைட்டு சும்மா எரிஞ்சா ஓவர்டிரைவ் ஆஃப்னு அர்த்தம், மினுக்கினா ட்ரான்ஸ்மிஷன்ல ஃபால்ட்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல எஞ்சின் கத்துது, வண்டி நகரல, பின்னாடி ட்ரக்கெல்லாம் ஹார்ன் அடிக்கிறான், கருகின வாடை கேபின் முழுக்க. எப்படியோ ஓரங்கட்டி டோ வண்டி வரவழைச்சு எறங்கினேன். வண்டி கம்ப்யூட்டர்ல ஃபால்ட் கோடு படிச்சா பி0733, மூணாவது கியர் ரேஷியோ தப்புன்னு. அதே மூணாவது கியர். காசு வாங்கி சரி பண்ணிட்டேன்னு சொன்ன அதே மூணாவது கியர்!

அவனுக்கு போன் பண்ணா மொதல்ல ஃப்ளூயிட் லெவல் பாருங்கன்னான். பாத்தாச்சு, வண்டி சூடா ஓடிட்டிருக்கும்போது பார்க்ல வச்சு பாத்தாச்சு, சரியா இருக்கு. அடுத்து, நீங்க ட்யூன் போட்டு ரேஸ் விட்டிருப்பீங்க, அதுக்கு வாரன்டி கிடையாதுன்னான். எஞ்சின் ஸ்டாக்குய்யா, நீயே பாத்தியே, சூப்பர்சார்ஜர் புல்லி ஃபேக்டரி புல்லின்னு நீயே சொன்னியேன்னு கேட்டா, அப்ப கம்ப்யூட்டர் பிரச்சனையா இருக்கும், டீலர்கிட்ட போங்கன்னான். அடுத்த தடவை ஒரு பொண்ணு எடுத்து, பில்டர் வெளியூர் போயிருக்காரு, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்னு சொல்லிச்சு. நேர்ல போனா அதே பில்டர் உள்ள லிஃப்ட்டுக்கு அடில நிக்கிறான், என்னப் பாத்ததும் பின் கதவு வழியா போயிட்டான். கண்ணால பாத்தேன்! மெசேஜ் அனுப்பினா படிச்சதுக்கு டிக் விழுது, பதில் கிடையாது. ஆப்காரன்கிட்ட புகார் பண்ணா, நாங்க அறிமுகம் மட்டும்தான் பண்ணி வைக்கிறோம், பணம் எங்க மூலமா போகல, அதனால எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஒரே பதில காப்பி பேஸ்ட் பண்ணி அனுப்பறான். நான் போட்ட ரிவ்யூவையும் காணோம்.

இன்னிக்கு வேற ஷாப்ல திறந்தப்ப நான் கூடவே நின்னேன். பான கழட்டினதும் அடில இருக்கிற காந்தத்துல கறுப்பு களி விரல் கனத்துக்கு ஒட்டியிருந்துச்சு, அதுல பித்தளை கலர்ல மின்னுற துகள் வேற. புது பாக்ஸ் இவ்ளோ கொஞ்ச மைல்ல இப்படி ஆகாதுன்னு கழட்டின மெக்கானிக், பெரியவர், தலைய ஆட்டினாரு. டைரக்ட் டிரம்ம திறந்தா ஃப்ரிக்ஷன் பிளேட்டுல லைனிங்கே இல்ல, வெறும் தகடு, பக்கத்துல ஸ்டீல் பிளேட்டெல்லாம் சூட்டுல நீலம் நீலமா புள்ளி புள்ளியா. எண்ணிக்கையும் ஸ்டாக்தான், ஒண்ணு கூட அதிகம் இல்ல. கன்வெர்ட்டர்தான் உச்சம். கறுப்பு பெயின்ட் புதுசா அடிச்சிருக்கான், ஸ்டட் மரைலயெல்லாம் பெயின்ட் வழிஞ்சு காஞ்சிருக்கு, பெரியவர் நகத்தால சுரண்டினாரு, அடில பழைய துரு. பில்லட் கவர்னா கடைஞ்ச கோடு தெரியும், இது ஃபேக்டரில அழுத்தின தகடு. சாலினாய்டு பேக்கும் பழசு, கனெக்டர் முழுக்க வருஷக்கணக்கான அழுக்கு. கூலர்ல எதிர்ப்பக்கத்துலேந்து ஃப்ளூயிட் விட்டு ஃப்ளஷ் பண்ணா சாம்பல் கலர்ல குழம்பா ஊத்துது, நின்னபாடில்ல. பாக்ஸ் ஒரு தடவை அடி வாங்கினா கிளட்ச் தூளெல்லாம் கூலர்லயும் லைன்லயும் போய் உக்காந்துக்கும், அத மாத்தாம எவ்ளோ நல்ல ட்ரான்ஸ்மிஷன் போட்டாலும் அந்தத் தூளு திரும்ப உள்ள வந்து புதுசையும் கொன்னுடும். பெரிய கூலர் போட்டேன்னு சொன்னவன் பழைய கூலர ஃப்ளஷ் கூட பண்ணல.

இப்ப இத முழுசா பண்ண தனியா செலவு. அந்த 6,200 டாலர் போனது போனதுதான், அது இல்லாம டோ கூலி, இப்ப கழட்டின கூலி எல்லாம் தனி.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதணும்னு நெனச்சேன், இப்ப இருக்கிற கோவத்துல முடியல, முக்கியமானத மட்டும் சொல்றேன். கலிஃபோர்னியால இருக்கீங்கன்னா பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர்னு ஒரு அரசு அமைப்பு இருக்கு, ஷாப்பு அதுல ரிஜிஸ்டர் ஆகியிருக்கான்னு மொதல்ல பாருங்க. அவங்க விதிப்படி ட்ரான்ஸ்மிஷன கழட்டறதுக்கு முன்னாடியே இன்ஸ்பெக்ட் பண்ணணும், வெளில இருக்கிற பார்ட்டு எதையாவது மாத்தியே சரியாகுமான்னு பாக்கணும். 'ரீபில்ட்'னு சொல்லணும்னா சீல், கேஸ்கெட், லைனிங் இருக்கிற ஃப்ரிக்ஷன் பிளேட்டு எல்லாம் புதுசா போட்டிருக்கணும், பேண்டு புதுசாவோ புது லைனிங் போட்டதாவோ இருக்கணும், இஷ்டத்துக்கு அந்த வார்த்தைய போட முடியாது. பழைய பார்ட்ஸ திருப்பிக் குடுன்னு வேலை ஆரம்பிக்கும்போதே எழுத்துல கேளுங்க, அப்ப கேட்டாதான் உரிமை, அதுலயும் எக்ஸ்சேஞ்சுக்கு போற பார்ட்டு வராது. நான் அங்க புகார் குடுக்கறேன், ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்லயும் (சின்னத் தொகை வழக்குக்கான கோர்ட்டு) போடறேன், தனி ஆளுக்கு 12,500 டாலர் வரைக்கும் அங்க கேக்கலாம், வக்கீல் வேண்டாம்.

எஸ்டிமேட்ல 'ஸ்டேஜ் 2'ன்னு எழுதினா கையெழுத்து போடாதீங்க, என்ன கன்வெர்ட்டர், எத்தன பிளேட்டு, எந்த ஷாஃப்ட்டு, பார்ட் நம்பரோட எழுதச் சொல்லுங்க. கன்வெர்ட்டர மாட்டறதுக்கு முன்னாடி நேர்ல போய் பாத்து ஃபோட்டோ எடுங்க. கூலர் மாத்துனதுக்கு தனி பில்லு கேளுங்க. லைன் பிரஷர் ரீடிங் வேலைக்கு முன்னாடி எவ்ளோ பின்னாடி எவ்ளோன்னு பேப்பர்ல வாங்குங்க, ஏத்தி வச்சிருந்தா அதுல மாட்டிக்குவான். ட்ரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்டுக்கு டெம்பரேச்சர் கேஜ் ஒண்ணு மாட்டிக்கோங்க, 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலயே ஓடிட்டிருந்தா ஃப்ளூயிட் சீக்கிரம் செத்துடும். காச கார்டுலயே குடுங்க, மெஷின் ரிப்பேர்னு சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க. டெலிவரி எடுத்ததும் கொஞ்ச மைல் ஓட்டிட்டு வேற ஒரு ஷாப்ல பான கழட்டி காந்தத்த பாக்கச் சொல்லுங்க, அதுக்கு ஆகுற செலவு 6,200 டாலர் முன்னாடி ஒண்ணுமே இல்ல.

இதே மாதிரி உங்களுக்கு யாருக்காவது நடந்து பியூரோல புகார் குடுத்து காசு திரும்ப வாங்கியிருந்தீங்கன்னா கீழ சொல்லுங்க, என்னென்ன பேப்பர் கேட்டாங்கன்னு தெரியணும், நாளைக்கே அனுப்பணும்.