பாட்டில் மருந்தா, ஃபில்டரா, நாசில் வேலையா?

என் லோடு வண்டி 2014 மாடல், பிஎஸ் 3, அதாவது புகைக் கட்டுப்பாட்டு விதியின் பழைய படி. காட்பாடி மேம்பாலம் ஏறினால் பின்னால் பைக்கில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். போன வருஷம் உதிரிபாகக் கடை ஒன்றில், டீசலில் கலந்தால் புகை நின்றுவிடும் என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். ரெண்டு டேங்க் ஓட்டியதும் மெக்கானிக் பையன், "இன்னாண்ணா, புகையே காணோம்" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதன் பிறகுதான் லேபிளைப் பார்த்தேன்: சீரியம்.

சீரியம், இரும்பு போன்ற உலோகங்கள் கரிக்குக் கையோடு ஆக்சிஜன் கொடுக்கும். சும்மா விட்டால் சுமார் 600 டிகிரியில் எரிகிற கரி, இவை கலந்திருந்தால் 450 டிகிரி வாக்கிலேயே எரிந்துவிடும். சரி, கரி எரிந்தது. உலோகம் எங்கே போகும்? அது எரிந்து மறைகிற பொருள் இல்லை. ஆக்சைடு தூளாக சைலன்சர் வழியே வெளியே வருகிறது. ஒட்டிக்கொள்ளக் கரி குறைவாக இருந்தால், அளவுக்கு மீறி ஊற்றிய உலோகம் தனித்தனி நுண்துகளாகவே உருவாகும். பல துகள்கள் 50 நானோமீட்டரைக்கூட எட்டாது. நுரையீரலின் கடைசி அறை வரை போகிற அளவு அது. மொத்த எடை குறைந்து, எண்ணிக்கை ஏறலாம். புகை சர்டிபிகேட் எடுக்கும் மெஷினுக்கோ இது தெரியாது. புகை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்று மட்டும்தான் அது பார்க்கும்.

ஆனால் இதே சீரியம், புகை வெளியேறும் வழியில் கரியைப் பிடிக்கிற ஃபில்டருடன் சேர்ந்தால் கதை வேறு. 2000இல் பெஜோ 607 காரில் அப்படித்தான் வைத்தார்கள். தனி டேங்கிலிருந்து மருந்து தானாகக் கலக்கும். கரியும் உலோகமும் ஃபில்டரிலேயே சிக்கும். கரி எரிந்துபோகும், சாம்பல் மட்டும் தங்கும். அந்தச் சாம்பலை எடுக்க 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்ற வேண்டியிருந்தது.

மச்சானுடைய பிஎஸ் 6 (புதிய படி) பிக்கப்பில் டீசலில் எதையும் கலப்பதில்லை. அதன் ஃபில்டர் கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகளுக்கு மேல் விடக்கூடாது என்பது சட்டம். கேட்கப் பெரிய எண்தான், ஃபில்டர் இல்லாத வண்டி விடுவதோடு பார்த்தால் சொற்பம். அவர் தொல்லை வேறு மாதிரி: கிரீன் சர்க்கிள், மார்க்கெட், காட்பாடி என்று நின்று நின்று ஓட்டினால் புகை போதுமான அளவு சூடாகாது, கரி எரியாமல் ஃபில்டரில் சேர்ந்து, ஃபில்டர் லைட் எரியும். பைபாஸில் வாலாஜா வரை ஒரே சீராக ஒரு ஓட்டு ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடுகிறது. (யூரியா ஊற்றுகிறோமே என்பார்கள். அது புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுவைக் குறைக்க, கரிக்கு இல்லை. அதன் டேங்கே தனி. தப்பித்தவறி டீசல் டேங்கில் ஊற்றினால் பம்பு போச்சு.)

என் வண்டிக்குப் புதிதாக ஃபில்டர் மாட்டுவது கட்டுப்படியாகாது. ஃபில்டர் இல்லாத வண்டிக்கு உலோக மருந்து வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. அந்தக் காசில், இன்ஜினுக்குள் டீசலைத் தூவுகிற நாசில் நான்கையும் கழற்றி டெஸ்ட் பண்ணச் சொன்னேன். ரெண்டு நாசில் பனிபோல் தூவாமல் நூலாக ஒழுகியது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கை மண். எல்லாம் மாற்றிய பிறகும் மேம்பாலத்தில் லேசாகப் புகை வருகிறது. மீதி பாட்டில் ஷெட்டில் கிடக்கிறது.