புள்ளி விழுந்த செப்புக் காசு: சுத்தம் செய்து தருவதாகச் சொல்பவரிடம் கொடுக்கும் முன் படிக்கவும்

இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் வட்டாரத்தில் பழங்காசு சேர்ப்பவர்களைத் தேடி வந்து, பச்சைப் புள்ளியை எடுத்துப் பாதுகாப்புப் பூச்சு போட்டுத் தருவதாகச் சொல்லிக் காசுகளை வாங்கிச் செல்லும் ஒருவரால் என்னிடமிருந்த டச்சுக் காசு ஒன்று பாழாகிவிட்டது. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இருக்காது, ஏனெனில் இந்த வேலையை இதே முறையில் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். அவர் செய்தது என்ன, ஏன் அது பாதுகாப்பு ஆகாது என்பதை விளக்கமாக எழுதினால், அடுத்துக் கதவைத் தட்டுபவர் யாராக இருந்தாலும் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

காசைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆசிய வணிகத்துக்காக 1726 முதல் தனியாக அடித்து அனுப்பிய, ஏறத்தாழ மூன்று கிராம் எடையுள்ள 'டூயிட்' என்னும் செப்புக் காசு அது. ஒரு பக்கம் நெதர்லாந்தின் சீலாந்து மாகாணத்தின் சின்னமான, அலைகளிலிருந்து எழும் சிங்கம்; மறுபக்கம் ஒன்றோடொன்று பின்னிய கம்பெனி எழுத்துகள்; அவற்றின் கீழே ஆண்டு. இலங்கையும் தூத்துக்குடியும் டச்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் இந்தக் காசுகள் அங்கெல்லாம் புழங்கின, ஆகவே நம் கரையில் அவை தென்படுவதில் வியப்பில்லை. என் காசின் மேற்பரப்பு முழுவதும் பழுப்பும் கரும்பச்சையும் கலந்த கெட்டியான படலம் சீராகப் படிந்திருந்தது. சிங்கத்தின் பிடரி மயிர்கூட உருப்பெருக்கியில் தெளிவாகத் தெரியும். அதில் மூன்று புள்ளிகள் இருந்தன. இரண்டு கருப்பு; மூன்றாவது வெளிர்பச்சை, அதுவும் ஆண்டின் கடைசி இலக்கத்தின் மேல். 175 வரை படிக்க முடிந்தது, அதற்கு அடுத்ததைப் படிக்க முடியவில்லை. இந்த வகைக் காசில் சில ஆண்டுகள் மலிவாகவும் சில ஆண்டுகள் அரிதாகவும் கிடைக்கும் என்பதால், அந்த ஓர் இலக்கம்தான் காசின் மதிப்பையே தீர்மானிப்பது.

புள்ளி விழுந்த செப்புக் காசைத் தொடலாமா, விட்டுவிடலாமா என்னும் கேள்விக்கு விடை, அந்தப் புள்ளி அடங்கிவிட்டதா, இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. கெட்டியாக, பளபளப்பின்றி, கருப்பாகவோ கரும்பச்சையாகவோ ஒட்டிக்கிடக்கும் புள்ளி பெரும்பாலும் அடங்கியதாக இருக்கும். பார்வைக்குக் குறையாக இருந்தாலும் அதனால் காசுக்குக் கேடில்லை, அதை எடுக்கப் போனால்தான் கேடு. வெளிர்பச்சையாக, மாவு போல உதிர்ந்து, பல்குச்சியால் மெல்லத் தொட்டாலே தூளாக வருவது வேறு இனம். 'வெண்கல நோய்' என்று சொல்லப்படும் அது வெறும் செம்பையும் விடுவதில்லை. உப்பிலிருந்து வந்த குளோரைடு செம்போடு சேர்ந்து படலத்துக்கு அடியில் தங்கிவிடுகிறது; ஈரமும் காற்றும் பட்டவுடன் அது பச்சைத் தூளாக மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கூடவே உண்டாகிறது; அந்த அமிலம் புதிய செம்பை அரித்து மறுபடி குளோரைடு உப்பை உண்டாக்குகிறது. ஈரம் உள்ளவரை இந்தச் சுழற்சி தானாக நிற்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது அடங்கிக் கிடக்கும். ஆனால் சன்னல் கம்பிகளே துருவேறி உதிரும் உப்புக்காற்றில், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில், நம் வீட்டு அலமாரிக்குள் அந்த வறட்சியை எதிர்பார்க்க முடியாது.

ஐயம் இருந்தால் சோதிக்க எளிய வழி உண்டு. மூடியுள்ள சிறு டப்பாவில் நனைத்த பஞ்சை ஓர் ஓரமாக வைத்து, பஞ்சில் படாமல் காசை மறு ஓரத்தில் வைத்து ஓர் இரவும் பகலும் மூடி வைத்தால், உயிருள்ள புள்ளி புதிதாகப் பச்சை பூக்கும். அடங்கிய புள்ளி அப்படியே இருக்கும். என் காசில் இரண்டு கரும்புள்ளிகளும் அசையவில்லை, வெளிர்பச்சை மட்டும் பூத்தது. ஆகவே அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் சிகிச்சை வேண்டும், மற்ற எதையும் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வந்தவர் காசைப் பார்த்ததும், "சார், இது தேமல் மாதிரி, விட்டீங்கன்னா பக்கத்துக் காசுக்கெல்லாம் பரவிடும்" என்றார். இது மனிதர்களை அவசரப்படுத்தச் சொல்லும் பேச்சு. ஒரு காசின் புள்ளி தாவி அடுத்த காசைப் பிடிப்பதில்லை. ஒரே உப்புக்காற்றில் கிடக்கும் காசுகள் ஒவ்வொன்றும் தன் தன் உப்பினால் கெடுகின்றன என்பதே உண்மை. இருந்தாலும் அவர் குளோரைடு, செம்பின் அரிப்பைத் தடுக்கும் மருந்தான பென்சோட்ரையசோல் என்று சரியான சொற்களைச் சரியான இடத்தில் சொன்னார். கட்டணம் காசுக்கு 1,200 ரூபாய் என்றார். வெளிர்பச்சைப் புள்ளியை மட்டும், உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் எடுக்க வேண்டும், அமிலம் எதுவும் கூடாது, படலம் அப்படியே இருக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்தும் போட்டார். இரு பக்கமும் படம் எடுத்து, நகை எடை போடும் தராசில் 3.14 கிராம் என்று குறித்துக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

சொன்ன நாளைவிட முன்னதாகவே காசு திரும்பி வந்தது. அந்த வேகமே போதும், முறையான வேலை நடக்கவில்லை என்று சொல்ல. படலம் முழுவதும் போயிருந்தது. உரித்த செம்புக்கே உரிய இளஞ்சிவப்பு நிறம் எழுத்துகளின் இடுக்கில் தெரிய, மேலே ஏதோ கந்தகக் கலவையால் செயற்கையாகப் பழுப்பு ஏற்றி, அதன்மேல் பளபளப்பான வார்னிஷ் பூசியிருந்தார். சிங்கத்தின் பிடரி வழுக்கையாகியிருந்தது. எடை 2.81 கிராம். "அழுக்கு போனா எடை குறையத்தானே சார் செய்யும்" என்றார். புள்ளியை எடுத்தால் சிறிதளவு எடை குறையும் என்பது மெய்யே. ஆனால் மிளகில் பாதியளவுகூட இல்லாத ஒரு புள்ளி கிராமில் மூன்றில் ஒரு பங்கு எடை இருக்காது. மேற்பரப்பு முழுவதையும் அமிலம் தின்றால்தான் அவ்வளவு குறையும். எந்த இலக்கத்தைப் படிப்பதற்காக இவ்வளவும் செய்யப்பட்டதோ, அந்த இடத்தில் இப்போது ஒரு குழி இருக்கிறது. அது 3 ஆகவும் இருந்திருக்கலாம், 8 ஆகவும் இருந்திருக்கலாம்.

படலம் போனதோடு முடிந்திருந்தால்கூட, அழகு போனாலும் காசு பிழைத்ததே என்று ஆறியிருக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வார்னிஷுக்கு அடியிலிருந்தே பச்சை கிளம்பியது, முன்பு அடங்கிக் கிடந்த இடங்களிலும் சேர்த்து. காரணம் விளங்குவது கடினமில்லை. குளோரைடு இருப்பது மேலே தெரியும் பச்சைத் தூளில் மட்டும் அன்று, அதற்கு அடியில் உள்ள குழிகளிலும்தான். மேற்பரப்பை அமிலத்தில் முக்கி எடுப்பதால் அது வெளியேறுவதில்லை. பயன்படுத்தியது கடையில் கழிவறை கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால், இருக்கும் குளோரைடோடு புதிதாகவும் ஊட்டியதாகிறது. அதன்மேல் வார்னிஷ் பூசுவது உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டுவதுதான்.

உண்மையான வேலை மெதுவாகத்தான் நடக்கும். தூளை ஊசியால் எடுத்தபின், குளோரைடு வெளியேறுவதற்காகக் காசைச் சோடா வகை உப்பான சோடியம் செஸ்குவிகார்பனேட்டின் கரைசலில் ஊறவைத்துக் கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும், சில வேளை மாதங்களும் ஆகும். அதுவும் படலத்தின் நிறத்தைச் சற்று மாற்றக்கூடியது, ஆதலால் எல்லாக் காசுக்கும் அதைச் செய்வதில்லை. பிறகு காய்ச்சி வடித்த நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எத்தனாலில் (எரிசாராயத்தில்) கரைத்த பென்சோட்ரையசோலில் நனைப்பார்கள். அது செம்பின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி அரிப்பைத் தடுக்குமே தவிர எஞ்சியிருக்கும் குளோரைடை நீக்குவதில்லை; உடலுக்கும் நல்லதன்று, கையுறை இல்லாமல் அதைத் தொடுகிறவரை நம்ப வேண்டாம். கடைசியில் பூசும் பூச்சும் தேவைப்பட்டால் அசிட்டோனில் கரைத்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இவற்றில் எதை, ஏன், எத்தனை நாள் செய்யப்போகிறார் என்று கேட்டு, விடை "அது தொழில் ரகசியம்" என்று வந்தால் காசைத் திரும்ப உறையில் போட்டுவிடுங்கள். என் காசை வாங்கியவரிடம் ஈரச் சோதனை செய்தீர்களா என்று பின்னர் கேட்டபோது, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

வீட்டிலேயே புளியும் உப்பும் போட்டுத் துலக்கிவிடலாம் என்பவர்களுக்கும் இதுவே பதில்; குத்துவிளக்குக்கு அது பொருந்தும், காசுக்கு அது குளோரைடு விருந்து. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு முகவர் மூலம் அனுப்பிச் சுத்தம் செய்து தரப்படுத்தித் தருவதாகச் சொல்பவர்களும் உண்டு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிமனிதர் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, முகவரின் சிரித்த முகம் அந்தச் சட்டத்தை மாற்றாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக்கென்றே நெடுங்காலமாக ஒரு பிரிவு இயங்குகிறது. காசின் படத்தோடு அவர்களிடம் கருத்துக் கேட்பது, கதவைத் தட்டியவரிடம் காசையே கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். எதுவும் செய்ய முடியாத நிலையில், மூடி இறுகிய டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காசை வைத்து, ஜெல் நிறம் மாறும்போதெல்லாம் உலர்த்தி மாற்றிக்கொண்டிருப்பதே போதுமான சிகிச்சை, பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் மட்டும் வைக்க வேண்டாம், அவையே நாளடைவில் ஒட்டும் பச்சையைக் கொடுக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மறுபடியும் இலவசமாகச் செய்து தருகிறேன் என்றார். கையெழுத்திட்ட தாளைக் காட்டியபோது, ஊசியால் எடுப்பதற்கும் அமிலத்தில் எடுப்பதற்கும் முடிவில் என்ன வேறுபாடு என்று கேட்டார். அதன்பின் அழைப்பை எடுப்பதில்லை. இதற்கிடையில், முன்பு, பின்பு என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தம் வேலைக்கு அவர் விளம்பரம் செய்துவருவதை நண்பர் ஒருவர் அனுப்பினார். முதல் படத்தில் பச்சைப் புள்ளியோடு கரும்பழுப்பாக ஒரு டச்சுக் காசு, அடுத்ததில் அதே காசு பளபளவென்று. அது என் காசு. இரண்டாவது படம் வார்னிஷ் உலர்ந்த அன்று எடுத்தது, மழைக்கு முன்பு. அலையிலிருந்து எழும் சிங்கமும், ஆண்டின் கடைசி இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழியும் உள்ள அந்தப் படத்தை யாராவது உங்களிடம் காட்டினால், மழைக்காலத்தில் எடுத்த படமும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.